பேர் எழுதாத குற்றச்சாட்டு

அத்தியாயம் ஆறு

காளியாயி வந்து நின்றபோது நான் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். கொடைக்கானல் குளிரில் காலை ஒன்பது மணிக்குப் பஜ்ஜி தின்பது குற்றமில்லை. ஆனாலும் அந்த அம்மாளைப் பார்த்ததும் பஜ்ஜியைக் காகிதத்தில் சுற்றி மேஜை டிராயருக்குள் தள்ளினேன். அவர் முகத்துக்கு முன்னால் வைத்துத் தின்ன எனக்கு யோக்கியதை இல்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பழனிக்குமார். ஏழு ரோட்டுப் பக்கம் ஒரு சாக்லேட் கடைக்கு மேல் மாடியில் எங்கள் துப்பறியும் நிலையம் இருக்கிறது. முதலாளி தேவசேனா மேடம். மூளை அவருடையது, பேனா என்னுடையது. மூன்று நாளுக்கு முன் அந்தப் பேனாவால் நான் எழுதிய அறிக்கையை வைத்துத்தான் காளியாயியின் கணவர் மணியனுக்கு வேலை போயிற்று.

மணியன் வெள்ளைப்பாறை கிறிஸ்தவப் பள்ளியின் காவலாளி. லத்தீன், தர்க்கம், சொல்வன்மை என்று அந்தக் காலத்து முறையிலேயே பாடம் நடத்தும் தனியார் பள்ளி அது. போன திங்கட்கிழமை மாலை அங்கே பின்வாசல் திறந்து கிடந்தது. நாலாம் வகுப்புத் தமிழ்மதி எங்கேயோ குதிரை மணிச் சத்தம் கேட்டு அந்த வழியாக வெளியே போனாள். பனிமூட்டத்தில் வழி தெரியாமல் பள்ளத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. மறுநாள் பிரின்ஸிபால் அறைக்கு வெளியே இருக்கும் ஆலோசனைப் பெட்டியில் ஒரு மொட்டைக் கடிதம் கிடைத்தது. காவல்காரனே குற்றவாளி என்றது கடிதம். விசாரித்துச் சொல்லச் சொன்னார்கள். விசாரித்தோம். ஆமாம் என்றோம்.

"இன்னைக்கு மூணு மணிக்குள்ள குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும்ங்க" என்றார் காளியாயி. "வடகவுஞ்சியில எங்கண்ணன் வீட்டுல ஒரு ரூம்பு கெடக்கு. அங்க போறோம். அதுக்காக வரலைங்க."

"உக்காருங்கம்மா" என்றார் மேடம்.

அவர் உட்காரவில்லை. "மூணு நாளா மனுஷன் தூங்கலைங்க. பாயில கெடந்துக்கிட்டு வலது கையை இப்பிடித் திருப்புறாரு." சாவியைப் பூட்டில் திருப்புவதைப் போலக் காற்றில் காட்டினார். "பூட்டுனேனா பூட்டலையான்னு என்னையக் கேக்குறாரு. நான் என்னத்தைச் சொல்லுவேன்? உங்க அறிக்கையைப் பள்ளிக்கூடத்துப் பெரிய மேடம் எங்களுக்குப் படிச்சுக் காட்டுனாங்க. அந்த லெட்டரை மட்டும் காட்டலை. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஒருக்கா படிச்சுக் காட்டுனீங்கன்னா என்னதான் சொல்லியிருக்குன்னு கேட்டுட்டு எஞ்சோலியைப் பார்த்துட்டுப் போயிருவேன்."

மேடம் என்னைப் பார்த்தார். நகலை எடுத்து வாசித்தேன்.

"வாயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்றவன் அந்த வாயிலைத் திறந்து போட்டுவிட்டுப் போனான். அவன்மேல் குற்றம் சாட்டுகிறேன். முதலில் அவன் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். அவன் பல ஆண்டுகள் தவறாமல் நின்றவன். மழையிலும் இடம் மாறாதவன். ஒரு நாள் தவறுக்காகப் பல ஆண்டு உழைப்பை அழிப்பது முறையா என்று அவன் கேட்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது..."

"நில்லுங்க தம்பி" என்றார் காளியாயி. "யாருங்க எழுதுனது? எங்க வீட்டுக்காரரைப் பத்தி நல்லதாவுல்ல சொல்லியிருக்கு."

"அதுக்குக் கீழே வெச்சிருக்காங்கம்மா சூடு" என்று மிச்சத்தையும் வாசித்தேன். வாயில் திறந்திருந்தது, குழந்தை வெளியே போயிற்று, காவலனே பொறுப்பு, அவனை நீக்குவதே முறை என்று முடிந்தது.

காளியாயி என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "அவரு பேரே வரலையேங்க?"

"என்னம்மா?"

"மணியன்னு ஒரு எடத்துலகூட வரலையே. பேரு வரும் வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். வாசிக்கிறப்ப விட்டுட்டீங்களா தம்பி?"

நான் விடவில்லை. கடிதத்தில்தான் இல்லை. மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து என் கையிலிருந்து நகலைப் பிடுங்கினார். ஒரு முறை படித்தார். திருப்பியும் படித்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தால் மட்டும் வரும் திண்டுக்கல் குரலில், "ஏலே குமாரு" என்றார். "மொட்டைக் கடுதாசி எழுதுறவன் யாரு பேரை மறைப்பான்?"

"தன் பேரை."

"இவன் எதிராளி பேரையும் மறைச்சிருக்கான். எதுக்கு?"

எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் காகிதத்தை ஐந்து நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த எனக்குத் தெரியாதது, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாளுக்கு ஒரே தடவை காதால் கேட்டதில் தெரிந்திருந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க ஸ்கூட்டர் சாவியைத் தேடுவதைப் போலப் பாவனை செய்தேன்.

பள்ளிக்குள் நுழைந்ததும் என் கைப்பேசி செத்துப்போனது. போன தடவையும் அப்படித்தான். "இங்க டவர் இல்லை, டி.வி. இல்லை. பிள்ளைங்க லத்தீன் படிக்காம வேற என்னதான் பண்ணும்?" என்றேன். மேடம் சிரிக்கவில்லை.

பிரின்ஸிபால் கிரேஸ் பொற்செல்வி எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார். "உங்க ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருந்தது மிஸ்டர் குமார். 'மறதி ஒரு விளக்கம் ஆகலாம், விடுதலை ஆகாது'ன்னு எழுதியிருந்தீங்களே, பியூட்டிஃபுல் சென்டென்ஸ்."

போன வாரம் இதைக் கேட்டிருந்தால் எனக்கு ஜிவ்வென்று இருந்திருக்கும். இப்போது தலையைக் குனிந்துகொண்டேன்.

"மேடம்" என்று ஆரம்பித்தார் தேவசேனா, "கெடுக்கணும்னு எழுதுன கடிதத்துல முதல் பாதி முழுக்க அவருக்குச் சாதகமா இருக்கு. அது உங்களுக்கு விநோதமாத் தெரியலையா?"

"இதுல விநோதம் என்ன இருக்கு? எங்க ஸ்கூல்ல லீவு லெட்டர்கூட அப்படித்தான் எழுதுவாங்க." பிரின்ஸிபால் பெருமையோடு நிமிர்ந்தார். "ரெட்டரிக், அதான் சொல்வன்மை கிளாஸ் ரூல் அது. ஒருத்தரை மறுக்கறதுக்கு முன்னாடி அவர் தரப்பை அவரே ஒத்துக்கற மாதிரி சொல்லிடணும். சொல்லலைன்னா பாதி மார்க் போச்சு. அதனாலதான் படிச்ச உடனே இது எங்க பிள்ளைங்கள்ல ஒருத்தர் கண்ணால பார்த்துட்டு எழுதினதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

"யாருன்னு கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது? காப்பி ரைட்டிங் எழுதி எழுதி எல்லார் கையெழுத்தும் ஒரே மாதிரி. தவிரவும், மனசாட்சிப்படி பேர் போடாம எழுதின பிள்ளையைத் தேடிப் பிடிக்கறது முறையில்லை. எங்க பிள்ளைங்க பொய் எழுத மாட்டாங்க."

நன்றாக எழுதியிருந்தால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பும் பள்ளி. நன்றாக எழுதத் தெரிந்த ஒரே தகுதியில் துப்பறியப் போன நான். மணியன் மாட்டாமல் என்ன செய்வார்?

மேடம் அசல் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். வலது மூலையில் பென்சிலால் சின்னதாக 7 என்று இருந்தது. என் அறிக்கையில் அதை 'ஏதோ நோட்டின் ஏழாம் பக்கமாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தேன். நீங்கள் அதைப் படிக்க நேர்ந்தால் தயவுசெய்து அந்த வரியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சொல்வன்மை வகுப்பு மேல்மாடியில் இருந்தது. ஆசிரியர் ஜெபநேசன் ஐம்பது வயதுக்காரர். ஒல்லியாக, கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். வகுப்பில் பதினொரு பேர். மேஜைமேல் மூடி போட்ட ஒரு மரப்பெட்டி. சுவரில் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஒரு வரி தொங்கியது. 'நேராகக் கேட்டால் நேராகச் சொல்.' பள்ளியின் நேர்மை விதி. எழுதியவர் ஜெபநேசன்தான் என்று பிரின்ஸிபால் படியேறும்போது சொல்லியிருந்தார்.

"அந்தப் பெட்டி எதுக்கு சார்?" என்றார் மேடம்.

"கட்டுரை போடறதுக்கு." அவர் குரல் மிருதுவாக இருந்தது. "பேர் எழுத மாட்டாங்க, நம்பர்தான். யார் எழுதினதுன்னு தெரியாம நான் திருத்தணும் பாருங்க."

மேடம் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ஏழாம் நம்பர் யாரு?"

ஜெபநேசன் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

நேராகக் கேட்டாயிற்று. ஜன்னலோரம் ஒரு பெண் எழுந்து நின்றாள். இரட்டைச் சடை, நெற்றியில் மங்கலாக விபூதித் தடம். பேர் சண்முகப்பிரியா என்றாள். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர் மகள். நானும் அடிவாரத்துக்காரன்தான். அவள் அப்பாவின் கடையில் நான் பஞ்சாமிர்தம் வாங்கியிருக்கிறேன்.

வராந்தாவுக்கு அழைத்துப்போய் மேடம் கடிதத்தைக் காட்டியதும் அவள் அழுதுவிட்டாள்.

"நான்தான் மேடம் காரணம். என்னாலதான் தமிழ்மதி கால் ஒடஞ்சுச்சு."

"நீ கேட்டைத் தொறந்தியா?"

"இல்ல. நான் எழுதுனேன். எழுதுன மாதிரியே நடந்துருச்சு."

மேடம் அவள் தோளைத் தொட்டார். "மொதல்லருந்து சொல்லு."

"சார் எப்பவும் ஒரு தலைப்பு குடுப்பார். அந்த வாரம் தமிழ்க் கட்டுரை. 'வாயிலைக் காக்கத் தவறியவன்.' பழைய காலத்துக் கோட்டை வாசல். பையில கையை விட்டு ஒரு பாசிமணி எடுக்கணும். வெள்ளை மணின்னா அவன் பக்கம் பேசணும், கறுப்புன்னா குற்றம் சாட்டணும். எனக்குக் கறுப்பு வந்துச்சு. வெறும் வாசல் தொறந்தான்னு எழுதுனா அழுத்தமா இருக்காதேன்னு நானா ஒரு குழந்தை வெளிய போச்சுன்னு சேத்துக்கிட்டேன். வியாழக்கிழமை பெட்டியில போட்டேன். திங்கட்கிழமை தமிழ்மதி..." அவளால் முடிக்க முடியவில்லை. "பழனிக்கு வந்து முடி குடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். சேப்பல்லயும் தெனமும் முட்டி போட்டு நிக்கிறேன்."

மொட்டைக் கடிதமே இல்லை. வீட்டுப்பாடம். விபத்துக்கு நாலு நாள் முன்னால், கறுப்பு மணி எடுத்த குற்றத்துக்காக ஒரு பெண் எழுதிய வீட்டுப்பாடம். அதில் மணியன் பேர் இல்லாததற்குக் காரணம் அவள் மணியனை நினைக்கவே இல்லை.

"கட்டுரை உனக்குத் திரும்பி வந்துச்சா?" என்று கேட்டார் மேடம்.

"எனக்கு மட்டும் வரலை. எங்கேயோ தவறிப்போச்சு, எவ்வளவு தேடியும் கிடைக்கலைன்னு சார் சொன்னார். ஆனா தொண்ணூத்தாறு மார்க் போட்டுட்டார்."

"காணாமப் போன கட்டுரைக்கே தொண்ணூத்தாறா?" என்றேன். "கெடைச்சிருந்தா நூத்தம்பது வந்திருக்கும்."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. படித்தால்தான் மார்க் போட முடியும். படித்தவர் கையில்தான் கட்டுரை இருந்திருக்கும். அங்கிருந்து அது பிரின்ஸிபால் அறைக்கு வெளியே உள்ள பெட்டிக்குத் தானாக நடந்து போயிருக்காது.

மேடம் நேரே வகுப்புக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் பின்வாசலுக்கு நடந்தார். பச்சை இரும்புக் கதவு. அதற்கு வெளியே வட்டக்கானல் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதை, பத்தடியில் ஒரு தட்டைப் பாறை. நான் அந்தப் பாறையில் உட்கார்ந்ததும் பாக்கெட்டில் செத்துக் கிடந்த கைப்பேசி உயிர் வந்து வரிசையாகக் கத்தியது. பதினோரு செய்திகள், அதில் ஒன்பது கடன் தருவதாகச் சொன்னவை.

"பள்ளிக்கூடத்துலயே டவர் எடுக்குற ஒரே எடம்" என்றார் மேடம். "இந்தக் கதவுக்கு எத்தனை சாவி?"

"ரெண்டு. ஒண்ணு மணியன்கிட்ட. இன்னொண்ணு ஸ்டாஃப் ரூம் பலகையில."

"போன வாரம் ஸ்டாஃப் எல்லாரையும் விசாரிச்சோம். என்ன கேட்டோம்?"

யோசித்தேன். மணியன் எப்படி, குடிப்பாரா, சாவியை எங்கே வைப்பார், அன்று மணியனைப் பார்த்தீர்களா. எல்லாம் மணியனைப் பற்றி. 'நீங்கள் அந்தச் சாவியை எடுத்தீர்களா' என்று ஒருத்தரிடமும் கேட்கவில்லை. கடிதம் கையில் இருந்த தெம்பில் கேட்கத் தோன்றவில்லை. பாறை ஈரமாக இருந்தது. எழுந்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து வகுப்பு காலியானது. ஜெபநேசன் மட்டும் மேஜையில் இருந்தார். எங்களை எதிர்பார்த்துத்தான் போகாமல் இருந்தார் என்று பட்டது. பிரின்ஸிபாலும் எங்களோடு வந்தார்.

மேடம் சுவரில் இருந்த சட்டத்தைக் காட்டினார். "நீங்க எழுதின விதிதானே சார்?"

"ஆமாம்."

"நேராவே கேக்குறேன். போன திங்கட்கிழமை பின்வாசலைத் தொறந்தது யாரு?"

அவர் உடனே பதில் சொன்னார். அவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"நான்."

"ஜெபநேசன்!" என்றார் பிரின்ஸிபால்.

"கிரிக்கெட் மேட்ச், மேடம். கடைசி ரெண்டு ஓவர்." அவர் பிரின்ஸிபாலைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார். "பிள்ளைங்க கையில ஃபோனைப் பார்த்தா வாங்கி வைக்கிறவன் நான். என் ஃபோனை எடுத்துக்கிட்டு, ஸ்டாஃப் சாவியை எடுத்துக்கிட்டு, பாறையில போய் உக்காந்தேன். ஜெப மணி அடிச்சிருச்சு. ஓடி வந்தேன். கதவைச் சாத்தினேன். பூட்டலை. மணியன் அஞ்சு மணிக்கே பூட்டிட்டுப் போயிருந்தார். நான் தொறக்கறப்போ அது பூட்டித்தான் இருந்தது."

"அப்புறம் அந்தக் கட்டுரை?"

"மறுநாள் காலையில திருத்த எடுத்தேன். ஏழாம் நம்பர். படிச்சா, எனக்கு வேணுங்கறது எல்லாம் அதுல இருந்தது." கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒரு வரிகூட எழுதலை. ஒரு பொய்கூடச் சொல்லலை. ஒரு காகிதத்தை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டியில போட்டேன், அவ்வளவுதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். யாராவது நேரா ஒரு கேள்வி கேட்டா சொல்லிடணும்னு எட்டு நாளா காத்திட்டிருந்தேன். யாருமே கேக்கலை."

கடைசி வாக்கியம் என்னைக் குத்தவென்றே சொன்னதில்லை. ஆனாலும் சரியாக வந்து குத்தியது. இருந்தும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. "கேக்காட்டி என்ன சார்? வாய் இருந்துச்சுல்ல?" என்று கத்திவிட்டேன். மேடம் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். எனக்கே தெரியும், கத்த வேண்டியது அவரிடம் மட்டும் இல்லை.

"சண்முகப்பிரியா தன்னாலதான் நடந்துச்சுன்னு எட்டு நாளா அழுதுட்டிருக்கா" என்றார் மேடம். "அவகிட்டச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் மணியன்கிட்ட. வெரசா. மணி ரெண்டே கால்."

நாங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனபோது குட்டியானை வண்டியில் பாதிச் சாமான் ஏறியிருந்தது. மணியன் ஒரு பித்தளைக் குடத்தைக் கோணியில் சுற்றிக்கொண்டிருந்தார். குட்டையான மனிதர், காதுவரை இழுத்த கம்பளித் தொப்பி. எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். அந்த மரியாதை எனக்குத் தாங்கவில்லை.

ஜெபநேசன் எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. மேட்ச், சாவி, பாறை, கட்டுரை, பெட்டி. பிறகு பிரின்ஸிபால் வேலை திரும்பக் கிடைக்கும் என்றார். ஜெபநேசனைப் பற்றி நிர்வாகம் இன்று மாலையே கூடும் என்றும் சொன்னார். தமிழ்மதியின் பெற்றோரிடம் தானே போய்ப் பேசுவதாகச் சொன்னார். மணியன் இதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஜெபநேசனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க தொறக்கறப்ப பூட்டித்தான் இருந்துச்சுங்களா?"

"பூட்டித்தான் இருந்தது மணியா."

"நல்லாத் தெரியுங்களா?"

"சாவி போட்டுத்தான் தொறந்தேன்."

மணியன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். விரலை மடக்கி, காளியாயி காட்டிய மாதிரியே ஒரு திருப்புத் திருப்பினார். "பூட்டியிருக்கேன் காளி" என்றார். அப்படியே வண்டிப் பலகையில் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். காளியாயி அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. சாமானை இறக்கச் சொல்லி டிரைவருக்குக் கை காட்டினார்.

கூட்டம் கலைந்ததும் நான் மட்டும் பின்தங்கினேன். வழி நெடுக மனசுக்குள் எழுதி வைத்திருந்த வாக்கியங்கள் இருந்தன. நல்ல வாக்கியங்கள்தான். ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"அண்ணே" என்றேன். "நீங்க அன்னிக்கு 'பூட்டுன மாதிரித்தான் இருக்கு'ன்னு சொன்னீங்க. நான் அதை 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை'ன்னு எழுதிட்டேன். பூட்டலைன்னுதான் எல்லாருக்கும் பட்டிருக்கும். என்னை மன்னிச்சுருங்க."

மணியன் கோணியை உதறி மடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் தேடினேன். இல்லை.

"விடுங்க தம்பி. ஒங்களைக் குத்தம் சொல்ல என்ன கெடக்கு?" என்றார். "மொதல்ல நாலஞ்சு நாளு, பூட்டுனேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் நீங்க எழுதுனதை அந்தம்மா படிச்சுக் காட்டுனாங்க. அம்புட்டு நல்லா எழுதியிருந்தீங்க தம்பி. கேட்ட பொறவு, பூட்டலைன்னு நானே நம்பிட்டேன்."

குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். மேடம் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். என் சட்டைப் பையில் பேனா இருந்தது. ஆபீஸுக்குப் போனதும் புது அறிக்கை எழுத வேண்டும். முதல் வரியில் என் பேர் வரும்.